ஊறவைத்த நெல்

மூங்கித் தோட்டத்துப் பெண்கள் விடியற்காலையில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். சாமி கும்பிட அல்ல. அருளாயி அவர்களுடைய இடுப்பையும் மடியையும் தடவிப் பார்ப்பதற்காக. தடவி முடித்து அவள் "ம், போ" என்று சொன்ன பிறகுதான் முள்கம்பி வாசலைத் தாண்டி ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போக முடியும்.

வெள்ளைக்காரனை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டுக்குள் திரிந்த ஆட்களுக்குத் தோட்டத்திலிருந்து ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்த காலம் அது. நாலு வருஷமாகச் சர்க்கார் ஆட்கள் அவர்களைச் சுடுவதும் அவர்கள் இவர்களைச் சுடுவதுமாக இருந்தது. ஆனாலும் அதைச் சண்டை என்று சொல்லக் கூடாதாம், அவசரகாலம் என்று சொல்ல வேண்டுமாம். எந்தப் பெயரை வைத்தால் என்ன, வயிறு காய்ந்தது பால் வெட்டுகிற ஜனங்களுக்குத்தான். வேலையாட்கள் குடியிருக்கும் வீட்டு வரிசைகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. போக வர ஒரே வாசல். அளந்து கொடுக்கிற அரிசி. வேலைக்காட்டுக்குச் சோற்றுச் சட்டி கொண்டுபோகக் கூடாது. வெறும் வயிற்றோடு போய், வெயில் ஏறிய பிறகு திரும்பி வந்து சாப்பிட வேண்டும். ஆண்களைச் சோதிக்க மாத்தாக்கள் என்கிற மலாய்க்காரப் போலீஸ்காரர்கள் இருந்தார்கள். பெண்களைத் தொட்டுப் பார்க்க ஒரு பெண் வேண்டாமா? அதற்குத்தான் அருளாயி.

அவள் ஆசைப்பட்டு அந்த வேலைக்குப் போகவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் அவள் புருஷன் சூசையைச் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள், போனவன் போனவன்தான். பிள்ளையும் இல்லை. பிறகு ஒரு மழைநாளில் பால்வாளியோடு வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. அது கோணலாக ஒட்டிக்கொண்டதில் கத்தி பிடிக்க முடியாமல் போயிற்று. மரம் வெட்டாதவளுக்கு லயத்தில் வீடு எதற்கு என்று ஆபீசில் கேட்டார்கள். வாசலில் நிற்கிறாயா, வெளியே போகிறாயா என்றும் கேட்டார்கள். அவள் வாசலில் நின்றாள்.

அன்றைக்கே பெண்கள் அவளை ஒதுக்கிவிட்டார்கள். குழாயடிக்கு அவள் குடத்தோடு வந்தால் பேச்சு நின்றுவிடும். அவள் போன பிறகு மறுபடி தொடங்கும். பக்கத்து வீட்டு நல்லம்மாள் ஒருத்திதான் மாறவில்லை. சோதனையின்போதுகூட, "அடியே, கிச்சுகிச்சு மூட்டாதடி, மாத்தா பாக்குறான்" என்று சிரித்து வரிசையையே சிரிக்க வைப்பாள். சாயங்காலமானால் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "கோப்பி கலக்கிட்டேன், வா" என்று குரல் வரும். அந்தக் குரல் ஒரு நாள் வராவிட்டால் அருளாயிக்குப் பொழுது போகாது.

இவர்கள் இரண்டு பேரும் ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள் இல்லை. நல்லம்மாளுக்கு மாரியாத்தா. அருளாயி வேதக்காரி. தோட்டத்தில் வேதக்காரர்கள் ஏழே குடும்பம். அவர்களுக்குத் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கோவில். வேலி போட வந்தவர்கள் கயிறு பிடித்து அளந்தபோது கோவில் வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாத்தாவின் காவலோடு போய்ச் செபம் சொல்லிவிட்டு வரலாம். சந்தியாகு உபதேசியார் செபம் சொல்லிவைப்பார். மாதம் ஒரு முறை கோலாலம்பூரிலிருந்து சாமியார் வந்து பூசை வைப்பார். லயத்தில் ஒருத்தரும் முகம் கொடுக்காத அருளாயிக்கு அந்தக் கோவில்தான் பிறந்த வீடு. அதைக் கூட்டிப் பெருக்குவதும் அவள்தான், மெழுகுதிரி ஏற்றுவதும் அவள்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களை ஆகமன காலம் என்பார்கள். பாலன் வரப்போகிறார், மனசைக் கூட்டிப் பெருக்கி வை என்கிற காலம். மூங்கித் தோட்டத்தில் அந்தக் காலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாலனுக்காக ஜோடிக்கிற குடிலில் பொம்மை மாட்டுக்கும் ஆட்டுக்கும் பச்சைப் புல் வேண்டும். அதற்கு நெல்லை ஊறவைத்து, மண் நிரப்பிய தகரத் தட்டில் பாவி, இருட்டில் மூடி வைத்து முளைக்க வைப்பார்கள். வேதக்காரர்கள் யார் போட்டாலும் அது பாதி முளைக்கும், மீதி பூசணம் பிடிக்கும். நல்லம்மாள் போட்டால்தான் சொல்லி வைத்தாற்போல ஒரே மட்டமாக எழும்பும். மாரியாத்தாவுக்கு முளைப்பாரி போட்டுப் பழகிய கை. "ஆத்தாளுக்குப் போடுற கை ஒங்க குழந்தைச் சாமிக்குப் போட்டா முளைக்காதா?" என்று வருஷா வருஷம் அவளே போட்டுக் கொடுப்பாள். பதிலுக்கு அவளுக்குக் கிறிஸ்துமஸ் பலகாரம் ஒரு தட்டு போகும்.

அந்த வருஷம் நல்லம்மாள் தயங்கினாள்.

"நெல்லு கையில இருந்தா பிடிக்கிறானுங்களாமே. வேண்டாம்டி இந்த வருஷம்."

"ஒரு பிடி நெல்லுக்கா, யாரு என்ன சொல்லப் போறாங்க? இங்க வீட்ல போட்டாத்தான் யாராச்சும் பாப்பாங்க. கோவிலுக்குப் பின்னால இருக்கிற அறை இருட்டா இருக்கு. வேலைக்குப் போற வழியில அங்க போய்ப் பாவிட்டுப் போயிருங்க."

"வாசல்ல?"

அருளாயி சிரித்தாள். "வாசல்ல நிக்கிறது யாரு? நான்தானே. பயப்படாமக் கொண்டாங்க."

சொன்னது அவள்தான். வேறு யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை வாசலில் லோரி ஒன்று நின்றது. கோலா சிலாங்கூரிலிருந்து வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். ஒன்பதாம் நம்பர் காட்டில் மரத்தடியில் புதைத்து வைத்திருந்த அரிசி அகப்பட்டதாம். அது எந்த வாசல் வழியாக வெளியே போயிற்று என்று பார்க்க வந்திருக்கிறார். பக்கத்தில் ஆபீசில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி கார்த்திகேசு, தூக்கம் கலையாத முகத்தோடு, மொழிபெயர்க்க நின்றார். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சோதனைக்காரியையே கைது செய்து கொண்டுபோன செய்தி முந்தின வாரம்தான் வந்திருந்தது. வரிசையில் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ நல்லம்மாள் நிற்பதை அருளாயி பார்த்தாள். திரும்பிப் போ என்று கண்ணால் சொல்ல நினைத்தாள். இன்ஸ்பெக்டர் அவளுடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது போலிருந்தது. சொல்லவில்லை.

நல்லம்மாள் முறை வந்தது. கையைத் தூக்கினாள். அவள் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. வாசலில் நிற்பது அருளாயி அல்லவா? இடது இடுப்பில், சேலைக்குள், ஈரமாக ஒரு முடிச்சு அருளாயியின் விரலில் பட்டது. விரலை எடுத்துக்கொண்டு "ம், போ" என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் ஈரம் பட்டதும் விரல் நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் ஓரடி முன்னால் வந்தார்.

"என்னம்மா அது? எடு வெளியால" என்றார் கிராணி.

அருளாயி எடுத்தாள். துணியை அவிழ்த்ததும் ஊறி உப்பிய நெல், கிராணியின் டார்ச் வெளிச்சத்தில் பளபளத்தது.

நல்லம்மாள் பதறவில்லை. "கோவிலுக்குங்க ஐயா. வேதக்காரங்க கோவிலுக்கு முளை போட எடுத்துட்டுப் போறேன். வருஷா வருஷம் போடுறதுதான். இந்தா, அருளாயியைக் கேளுங்க, அவதான் கொண்டாரச் சொன்னா."

கிராணி இங்கிலீஷில் சொன்னார். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு என்னவோ கேட்டார். கிராணி அருளாயி பக்கம் திரும்பினார்.

"இந்து மனுசி வேதக் கோயிலுக்கு ஏன் நெல்லுக் கொண்டுபோறாள் எண்டு துரை கேக்கிறார். உனக்கு இதைப் பற்றித் தெரியுமோ?"

தெரியும் என்று ஒரு சொல். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா" என்றாள் அருளாயி.

லயத்தில் எவர் வீட்டுச் சேவலோ அப்போது கூவியது. வேதாகமத்தில் ஆண்டவருடைய சீடர் இராயப்பர் அவரைத் தெரியாது என்று சொன்னபோதும் சேவல் கூவிற்று. அவர் வெளியே போய் மனங்கசந்து அழுதார். அருளாயிக்கு அழுகைகூட வரவில்லை. அடுத்தவளின் இடுப்பைத் தடவ வேண்டியிருந்தது, தடவினாள்.

நல்லம்மாள் அவளைத் திட்டவில்லை, சபிக்கவும் இல்லை. லோரியில் ஏற்றியபோது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "அடுப்பை அணைக்காம வந்துட்டேன். போய்ப் பாரு" என்று மட்டும் சொன்னாள். வாய்விட்டுத் திட்டித் தொலைத்திருந்தால் அருளாயி பிழைத்திருப்பாள்.

நல்லம்மாளின் புருஷன் இருசப்பன் பேசத் தெரியாத மனுஷன். ஆபீஸ் வாசலில் நாளெல்லாம் நின்று பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. அவன் அருளாயியைக் கேள்வி கேட்கவும் இல்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் தனியாக இருமுவது மட்டும் கேட்கும். சாயங்காலம் கோப்பிக்குக் கூப்பிடும் குரல் இல்லை. அந்த நேரம் வந்தால் அருளாயி எழுந்து வேலியோரமாக நடக்கப் போய்விடுவாள்.

வேதக்காரர்களுக்கு உண்மை தெரியாதா? ஏழு குடும்பத்துக்கும் தெரியும். வருஷா வருஷம் அந்தப் பச்சையைக் குடிலில் வைத்துப் பார்த்து, "என்ன அழகு" என்று சொன்னவர்கள்தானே. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சந்தியாகு உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இந்த வருஷம் குடிலுக்கு லாலாங் புல்லே போதும்" என்றார். அவ்வளவுதான். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனால் அவர்களுடைய மௌனம் வேறு, தன்னுடையது வேறு என்று அருளாயிக்குத் தெரிந்திருந்தது. கொண்டுவா, நான் இருக்கிறேன் என்று சொன்னது அவர்களில் யாரும் இல்லையே. 'என் பாவமே, என் பாவமே' என்று எல்லாரும் மார்பில் தட்டிக்கொண்டபோது அவளுடைய கோணல் கை மார்புவரை போய் நின்றுவிட்டது. தட்டினால் எல்லாருக்கும் கேட்டுவிடும் போலப் பயமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சாமியார் வந்தார். இளவயதுக்காரர், பல தோட்டங்களுக்குப் போய்த் தொண்டை கட்டியிருந்தது. கோவிலின் மூலையில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்டார். அருளாயி முழங்கால் போட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தாள். வாய் திறந்ததும் சொல் சுருங்கிவிட்டது.

"பொய் சொன்னேன் சாமி."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

"வேறு?"

"வேறு ஒண்ணும் இல்லைங்க சாமி."

"மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். இனிமேல் பொய் சொல்லாதீர்கள்." லத்தீனில் முணுமுணுத்துச் சிலுவை வரைந்து அனுப்பிவிட்டார்.

அவர்மேல் குற்றமில்லை. கேட்டதற்கு ஏற்ற அபராதம் போட்டார். ஒரு பொய், ஒரு தடவை. கணக்கு சரிதான். அந்த ஒரு தடவையில் ஒரு பெண்ணின் வாழ்க்கை போனது என்பதை இவள் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? மூன்று மந்திரத்தையும் சொல்லி முடித்தபோது அருளாயிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வாசலில் மனுஷர்களை ஏமாற்றியது போதாது என்று திரைக்கு இந்தப் பக்கம் கடவுளையும் ஏமாற்றியாகிவிட்டது.

பூசையில் சாமியார் கையிலிருந்து நன்மை என்கிற அப்பம் வாங்க எல்லாரும் எழுந்து போய்ப் பீடத்துக்கு முன்னாலிருந்த கிராதியில் வரிசையாக முழங்கால் போட்டார்கள். அருளாயி எழவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு நன்மை வாங்காமல் உட்கார்ந்திருப்பவளை அந்தச் சின்னக் கோவிலில் யார்தான் கவனிக்க மாட்டார்கள்? திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் பிறந்த வீடாக நினைத்த இடத்தில் அவள் அன்னியக்காரி போல உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைத் தள்ளி வைக்கவில்லை. அவளாகவே தன்னைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை, பெண்களெல்லாம் வாசலைத் தாண்டிப் போன பிறகு, கார்த்திகேசு கிராணி மாத்தாவிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நல்லம்மாளுக்குக் கோர்ட்டும் கிடையாது, விசாரணையும் கிடையாது. புது வருஷம் பிறந்ததும் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடப் போகிறார்கள். இருசப்பன் இங்கே, அவள் அங்கே. அவள் மூன்று வயதில் விட்டு வந்த ஊர். அங்கே அவளுக்கு யாரும் இல்லை.

அருளாயி கையில் கட்டியிருந்த சோதனைக்காரிப் பட்டையை அவிழ்த்தாள். கிராணிக்கு முன்னால் நீட்டினாள்.

"ஐயா, அந்த நெல்லை நான்தான் கொண்டாரச் சொன்னேன். எனக்குத் தெரியாதுன்னு சொன்னது பொய்."

கார்த்திகேசு சுற்றுமுற்றும் பார்த்தார். "உனக்கென்ன விசரே? அது முடிஞ்சுபோன அலுவல். இப்ப போய்ச் சொன்னியெண்டால் உன்னையும் பிடிச்சு உள்ளுக்குப் போடுவாங்கள். வேலையும் போகும், வீடும் போகும். பேசாமல் நில்லு."

"நீங்க துரைகிட்ட சொல்லுவீங்களாங்க ஐயா?"

"நான் ஒண்டும் கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டு அவர் விறுவிறுவென்று ஆபீசுக்குள் போய்விட்டார். பட்டை அவள் கையிலேயே இருந்தது. அதை வாசல் கம்பியில் மாட்டிவிட்டு, சாலைக்கு நடந்து, கோலா சிலாங்கூர் பஸ்ஸில் ஏறினாள். பஸ்ஸில் அவளுக்கு வந்த தைரியத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிவிடலாமா என்றுதான் நினைத்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் ஜக்கரியா. பாசார் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. இங்கிலீஷ் படித்துவிட்டு இங்கே வந்து மாட்டிக்கொண்டவர். அருளாயி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். நெல்லைக் கொண்டுவரச் சொன்னது, வாசலில் விரல் நின்றது, தெரியாது என்றது, எல்லாவற்றையும் அவள் சொன்னாள். சாமியாரிடம் வராத வார்த்தைகள் அந்த முஸ்லிம் பிள்ளையிடம் தங்குதடையில்லாமல் வந்தன.

"யம்மா, இன்ஸ்பெக்டர் உள்ளதான் இருக்காரு. நீங்க எங்கிட்ட சொன்னதை நான் மறந்துடலாம். இங்கிலீசுல அவருகிட்ட சொன்னா அப்புறம் என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. வாசல் காக்கிற ஆளே கடத்தச் சொன்னதா ஆயிடும். யோசிச்சுக்குங்க. சொல்லட்டுமா?"

"சொல்லுங்க பாய்."

"நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சா வீட்டுக்குப் போயிருவேன் பாய். சீக்கிரம் சொல்லிடுங்க."

இன்ஸ்பெக்டர் இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றிக் கேட்டார். ஊறவைத்த நெல்லை எவனாவது பொங்கித் தின்பானா என்று அவள் திருப்பிக் கேட்டாள். சாட்சிக்கு வைத்திருந்த பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னார். பிரித்தால் நெல் அழுகி நாறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு அதை எடுத்துப் போகச் சொன்னார். அப்படியானால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"பயந்துட்டேன்" என்றாள். வேறு காரணம் தேடிப் பார்த்தாள், இல்லை.

கடைசியில் ஜக்கரியா சொன்னார். "அந்தம்மாவைக் கப்பல்ல ஏத்த மாட்டாங்க. லீவு முடிஞ்சு பெரிய ஆபீசர் கையெழுத்து போட்டதும் வெளிய விட்டுருவாங்க. ஒங்களைத்தான் மாஜிஸ்திரேட்டுகிட்ட நிறுத்தணுமாம். அதுவரைக்கும் உள்ள இருக்கணும்." அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பெண்களை அடைக்க அங்கே ஒரே ஓர் அறைதான் இருந்தது.

நல்லம்மாள் சிமெண்டுத் தரையில் மங்குத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பகல் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து அருளாயியை உள்ளே விட்டுப் பூட்டினார்கள். நல்லம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். இளைத்திருந்தாள். பார்த்துவிட்டு மறுபடி குனிந்து சாப்பிட்டாள்.

அருளாயி கதவோரமாகவே நின்றாள். "அக்கா, நான்தான் கொண்டாரச் சொன்னேன். நான்தான் தெரியாதுன்னு..."

"எனக்குத் தெரியாதா? அங்கதானே நின்னேன்."

"சொல்லிட்டேன்க்கா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒங்கள விட்டுருவாங்களாம்."

நல்லம்மாளின் கை தட்டில் நின்றது. "முதல் நாள் நீ வருவேன்னு பாத்தேன். கதவு சத்தம் கேட்டா நீதான்னு எந்திரிச்சு உக்காருவேன். அப்புறம் பாக்கிறத விட்டுட்டு வையத் தொடங்கிட்டேன். இந்தச் செவுத்துக்கிட்ட ஒன்னை வையாத வசவில்ல. மாரியாத்தா காதப் பொத்திக்கிட்டிருப்பா." நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "ஒத்த வார்த்தடி அருளாயி. எவ்வளவு நேரமாயிருக்கும்?"

அன்றைக்கு வாசலில் வராத அழுகை அருளாயிக்கு இப்போது வந்தது. மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. கேட்பதற்குத் தனக்கு என்ன உரிமை என்று நின்றாள்.

"இப்ப ஒன்னைய என்ன பண்ணுவாங்களாம்?"

"தெரியலக்கா. கோர்ட்டுல நிறுத்துவாங்களாம்."

"வேலை?"

"பட்டையை வாசல்ல மாட்டிட்டு வந்துட்டேன்."

நல்லம்மாள், "காலையில தின்னியா?" என்றாள்.

"இல்ல. இன்னைக்கு எங்களுக்கு ஒருசந்திக்கா."

"ஒருசந்தின்னா ஒரு வேளை திங்கலாம்தானே?"

"திங்கலாம்."

"அந்த ஒரு வேளை இதுதான். வந்து உக்காரு."

புது ஆளுக்குச் சோறு சாயங்காலம்தான் வரும். இருந்தது ஒரே தட்டு. நல்லம்மாள் பாதி சாப்பிட்டு, கையால் பிசைந்து வைத்த சோறு. அருளாயி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். சாயங்காலக் கோப்பி என்றோமே, அதை நல்லம்மாள் இத்தனை வருஷமும் கொடுத்தது தனிக் குவளையில். அந்தக் குவளை அவள் வீட்டுக்குள் போகாது. வாசல் கூரையில் செருகியிருக்கும். குடித்தவளே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். பெரியவர்கள் கப்பலேறி வந்தபோது எதை எதையோ ஊரில் விட்டுவிட்டு வந்தார்கள், சாதியை மட்டும் மூட்டையில் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். நல்லம்மாள் கெட்டவள் இல்லை. அது தப்பு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை, அருளாயியும் சொன்னதில்லை. கோவில் கிராதியில் எல்லாரும் ஒரே வரிசையில் முழங்கால் போட்டு ஒரே தட்டிலிருந்து நன்மை வாங்கும்போது மட்டும் அருளாயிக்கு நெஞ்சு நிறையும். அதற்காகத்தானே அவளுடைய தாத்தா வேதத்தில் சேர்ந்தார்.

"அக்கா, ஒரே தட்டு" என்றாள் மெதுவாக.

"தெரியுது. கண்ணு இருக்கு எனக்கு." நல்லம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருன்னா உக்காரணும்."

அருளாயி உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை கிராதிக்குப் போகத் துணியாதவள், கோணிப்போன கையை நீட்டி அந்தச் சோற்றில் வைத்தாள். ஆண்டவர் கோவில் வழியாகத்தான் வருவார் என்று எண்ணி, தனக்கு அந்த வழி அடைபட்டுப் போயிற்று என்று அவள் அழுதிருந்தாள். இப்போது, இந்த நாற்றமடித்த அறையில், அவர் தன்னைச் சேர்த்துக்கொண்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது. செய்தது செய்ததுதான், அது இனி மாறாது. அப்படியிருந்தும் அவளுக்கு இடம் விட்டாயிற்று.

நல்லம்மாள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"கருவாடு ஒங்க ஒருசந்திக்கு ஆகுமா?"

"ஆகும்க்கா."

இரண்டு துண்டு இருந்தன. நல்லம்மாள் பெரிய துண்டை அவள் பக்கம் தள்ளினாள்.